துண்டில் மடித்த அன்னங்கள்

நாற்பத்திரண்டாவது நிமிடம் வந்ததும் மலர்க்கொடி படத்தை நிறுத்திவிடுவாள். சாய்ந்த தென்னைகள், நீலக்கடல், வேலையில் சலித்து விடுமுறைக்குத் தீவுக்கு வந்த வெள்ளைக்காரப் பெண், அவளுக்குப் படகு ஓட்டும் இளைஞன், அவர்கள் காதல் எல்லாம் கதை பார்க்கிறவர்களுக்கு. தமிழ்க்குரல் கொடுத்த அந்த ஆங்கிலப் படத்தில் இவளுக்கு வேண்டியது ஓட்டல் அறைக் கட்டில் ஒன்றுதான். அதன்மேல் வெள்ளைத் துண்டில் மடித்த இரண்டு அன்னங்கள் மூக்கோடு மூக்கு வைத்து உட்கார்ந்திருக்கும். மடித்தவர் அவள் கணவர் ராசாங்கம். மாலத்தீவில் படம் பிடித்த அதே ஓட்டலில் அறை துடைத்து விரிப்பு மாற்றும் வேலை, நான்கு வருடமாக.

மறுபடி ஓடவிட்டால், அடுத்த நொடியே காதலர்கள் ஓடி வந்து அன்னங்களைத் தள்ளிவிட்டுக் கட்டிலில் விழுவார்கள்.

"எடுத்து ஓரமா வச்சிட்டு உக்காந்தா கொறஞ்சா பூடுவாங்க? மனுசன் எவ்ளோ நேரம் குனிஞ்சு மடிச்சிருப்பாரு!"

நூறு முறையாவது சொல்லியிருப்பாள். கோபம் மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும்.

திருமானூர்ப் பக்கத்துப் பள்ளியொன்றில் காலை உணவு சமைக்கிறாள். இருட்டோடு எழுந்து அறுபது பிள்ளைகளுக்கு உப்புமா கிளறி, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கரும்புக்குத் தோகை உரிக்கப் போவாள். கையெல்லாம் தோகை அறுத்த கோடு. பெயரைக் கேட்டால்கூட ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் சொல்வாள். "ஒடம்பு பாட்டுக்கு ஒரு பக்கம் கெடக்குது, நான் ஒரு பக்கம் நடக்குறேன்" என்பாள். பெரம்பலூரில் நர்சிங் படிக்கும் மகள் சுகன்யா போனில் ஏற்றிக் கொடுத்த படத்தைப் பார்க்க, உப்புமா ஆறுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் வாய்க்கும்.

கூடச் சமைக்கும் கலியம்மாளுக்கு இது நல்ல கேலி. "ஊரே ஈரோவப் பாக்குது, நீ துண்டப் பாக்குற."

"அவன் எந்த வூட்டு ஆளோ! துண்டு நம்ம வூட்டு ஆளு மடிச்சதுக்கா."

இந்த மாதத்தோடு ராசாங்கத்தின் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி மேனேஜர் காகிதம் நீட்டியிருக்கிறார். "நீயே சொல்லு மலரு. வந்துடவா, இருக்கவா? வெள்ளிக்கெழமைக்குள்ள கையெழுத்துப் போடணும்" என்று ராசாங்கம் முடிவை இவள் தலையில் கட்டிவிட்டார். வந்தால் இங்கே வேலை ஒன்றும் காத்திருக்கவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. இரண்டு வருடத்துக்கு முன் விடுப்பில் வந்தபோதும் இதைத்தான் கேட்டார். "போயிட்டு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லி, பஸ் ஏற்றிவிட்டு வந்து, ஒரு வாரம் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள்.

வியாழக்கிழமை என்ன தோன்றிற்றோ, பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு மிச்சப் படத்தையும் ஓடவிட்டாள். கலியம்மாளும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து பார்த்தாள். கடைசியில் அந்தப் பெண் விமானத்தில் ஏறவில்லை. பெட்டியைப் போட்டுவிட்டு, மணலில் ஓடி வந்து அவனைக் கட்டிக்கொண்டு தீவிலேயே தங்கிவிட்டாள். கலியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா முடிச்சிட்டான்டி."

"அங்கயே இருந்துக்கிட்டா நல்ல முடிவாக்கா? அவளத் தேட ஊர்ல ஒரு சனம் இல்லியா?" மலர்க்கொடி போனைக் கவிழ்த்து வைத்தாள். "என்னால முடியலக்கா. இன்னொரு ரெண்டு வருசம் முடியாது."

அன்று சாயங்காலம் கணவருக்குச் சொல்ல மூன்று முறை குரலைப் பதிவுசெய்து மூன்று முறையும் அழித்தாள். பிறகு எழுந்து கட்டிலருகே போனாள். அவர் படுக்கும் பாதியில் உளுந்து மூட்டை, இஸ்திரிப் பெட்டி, மகளின் பழைய பாடப் புத்தகங்கள், மடிக்காத துணி எல்லாம் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றாக இறக்கிக் கீழே வைத்தாள். பலகையைத் துடைத்துப் பாய் விரித்து, இன்னொரு தலையணை போட்டாள். அந்தப் பாதியை மட்டும் போட்டோ பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டு, சுவரோரம் ஒதுங்கித் தன் பாதியில் படுத்துக்கொண்டாள்.