மஞ்சள் அடித்த பெயர்

பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒன்றரை வருடம் வேலை பார்த்தேன். எட்டாவதோடு பள்ளியை விட்ட பிறகு எந்த ஊரிலும் நான் அவ்வளவு காலம் தங்கியதில்லை. அதற்கு முன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் லோடு ஏற்றினேன். இருமல் நிற்கவில்லை, விட்டுவிட்டேன்.

கடை முதலாளி லப்பைக்குடிகாட்டுக்காரர், துபாயில் இருந்துவிட்டு வந்தவர். பக்கத்துத் தனியார் கல்லூரி வாத்தியார்கள்தான் எங்கள் வாடிக்கை. தங்கள் ஆய்வுக் கட்டுரைகளை வேறு யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அவர்கள் வருடா வருடம் நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும். குறைந்தால் வேலை போகும். மேற்கோள் காட்டிய ஒவ்வொரு கட்டுரையிலும் முதல் பக்கத்தையும், கடைசியில் பெயர்ப் பட்டியல் உள்ள பக்கத்தையும் அச்செடுத்து, வாத்தியார் பெயர் மேல் மஞ்சள் மார்க்கர் அடிப்பது என் வேலை. படிக்க வேண்டியதில்லை. பெயரைக் கண்டுபிடித்தால் போதும்.

ஒரே கல்லூரிக்காரர்கள் ஒருவர் பெயரை இன்னொருவர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வது மஞ்சள் அடித்தே எனக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு கோப்போடு வரும் எவரையும் நான் நம்பவில்லை. கணக்கு சார் ஒருவர் மட்டும் அந்தக் கூட்டில் இல்லை. அதனாலேயே அவர் மேல் கூடுதலாக ஒரு கண் வைத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது சின்னவர். கணக்கில் இயற்கணிதச் சேர்வியல் என்ற பிரிவு அவர் துறை. அவர் கட்டுரைகளில் படிக்கட்டு போலக் கட்டங்கள் இருக்கும், கட்டத்துக்குள் எண்கள்.

“இது என்ன சார்?”

“இந்தக் கட்டத்துல எண்களை எத்தனை விதமா நிரப்பலாம்னு பாக்கறதுண்ணே. வலப்பக்கம் போனாலும் ஏறணும், கீழ வந்தாலும் ஏறணும்.”

“அதுனால என்ன பிரயோசனம்?”

“எங்க பிரின்சிபாலும் இதையேதான் கேக்கறாரு.”

அந்த வருடம் அவர் கொடுத்த பென் டிரைவில் இருந்தவை தடிமனான கட்டாக வந்தன. முந்தைய வருடம் பத்துப் பன்னிரண்டு கட்டுரைகள்தான். இப்போது ஐம்பதுக்கு மேல். மஞ்சள் அடித்துக்கொண்டே போனவன் ஒரு முதல் பக்கத்தில் நின்றேன். அதில் ஒரு புகைப்படம். சுண்ணாம்புக்கல்லில் பதிந்த நத்தைச் சுருள். அரியலூரில் அந்த மாதிரிக் கல்லை நான் எத்தனையோ முறை தூக்கி லாரியில் போட்டிருக்கிறேன். கட்டமும் இல்லை, எண்ணும் இல்லை. பட்டியலில் சாரின் பெயரும் இனிஷியலும் மட்டும் அப்படியே இருந்தன.

“பாய், இது கணக்கு இல்ல, கல்லு,” என்றேன் முதலாளியிடம்.

“உமக்கு ஏன்யா வம்பு? அடிக்கச் சொன்னா அடியும்.”

சாயங்காலம் சார் வந்தார். அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தேன்.

“கல்லு பத்தி எப்ப சார் எழுதினீங்க?”

அவர் அதை உடனே கையில் எடுக்கவில்லை. “இது வேற ஆளுண்ணே. அதே பேரு, அதே இனிஷியல். மேற்கோள் கணக்கு வெக்கற வெப்சைட்காரன் ரெண்டு பேரையும் ஒண்ணாச் சேத்துட்டான்.”

“இப்பதான் பாக்கறீங்களா?”

“ஆமா.”

நான் நம்பவில்லை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கட்டிலிருந்து கல் கட்டுரைகளை ஒவ்வொன்றாக உருவினார். மீதி பதினொன்று. “இதை மட்டும் பைண்டிங் போடுங்க,” என்றார். வெப்சைட்டுக்கும் எழுதி அந்த ஆளைப் பிரிக்கச் சொல்லிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரி ஆபீஸ் கிளார்க் கடைக்கு வந்தார்.

“ஏங்க, அந்த கணக்கு சார் இங்கதான ஃபைல் போட்டாரு? போன மாசம் வெப்சைட்டுல அம்பதுக்கு மேல காட்டுச்சு. இப்ப பதினொண்ணு. என்ன தில்லுமுல்லு?”

நடந்ததைச் சொன்னேன். உருவிய தாள்களைக் கடையில் துண்டுச் சீட்டுக்கு வைத்திருந்தோம். அவற்றையும் எடுத்துக் காட்டினேன். கிளார்க் மஞ்சளைத் தடவிப் பார்த்தார்.

“அவரு பேருதான இருக்கு? தானா வந்ததை எவனாச்சும் வேணாம்பானா? எங்கயோ மாட்டிக்கிட்டாரு, அதான் எடுத்துட்டாரு.”

“அது வேற ஆளுங்க. சத்தியமா.”

“நீங்க அவரு ஆளு, அப்படித்தான் சொல்லுவீங்க.”

கிளார்க்கைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஜூன் மாதம் சாருக்கு வேலை நீட்டிப்பு வரவில்லை. சாமான்களை ஊருக்கு அனுப்பிவிட்டு, புதுக் கட்டுரை ஒன்றை அச்செடுக்க வந்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

“சார், அந்தக் கல்லு விஷயம் உங்களுக்கு முன்னாடியே தெரியும்ல?”

தாள் மெஷினிலிருந்து வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஆறு மாசமாத் தெரியும்ணே. எவனும் படிக்கப் போறதில்லன்னு விட்டுட்டேன். நீங்க கேட்டுட்டீங்க.”

நான் கேட்காமல் இருந்திருந்தால் அவர் வேலை இருந்திருக்கும். மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். கேட்கவில்லை. தாளை எடுத்துக் கொடுக்கும்போது முதல் பக்கத்தைப் பார்த்தேன். கட்டங்களுக்கு மேலே அவர் பெயர். இனிஷியல் இருந்த இடத்தில் அப்பா பெயரை முழுதாகப் போட்டிருந்தார்.