தையல் மிஷின்மேல் ஒரு கம்ப்யூட்டர்

பிள்ளைகளா, நேற்று நீங்கள் பள்ளிக்கூட மாடலுக்காகத் தெர்மக்கோல் அறுத்தீர்களே, அந்தக் கிரீச் சத்தத்தில் எனக்குப் பல்லும் கூசியது, மனசும் கூசியது.

எண்பதுகளில் நான் திண்டிவனத்தில் எட்டாவது படித்தேன். விழுப்புரம் அறிவியல் கண்காட்சிக்கு ‘வருங்காலக் கம்ப்யூட்டர்’ மாடல் செய்யச் சொன்னார்கள். கம்ப்யூட்டரைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். டி.வி. மாதிரித் திரை தனி, கணக்கெல்லாம் போடும் பெட்டி தனி, கீபோர்டு தனி. எங்கள் வீட்டில் மேசை என்றால் எண்ணெய் வாசனை அடிக்கும் அம்மாவின் தையல் மிஷின்தான். அதன்மேல் மூன்றும் நிற்காது. அதனால் என் தெர்மக்கோல் மாடலில் பெட்டியை டி.வி.க்குள்ளேயே அடக்கினேன். அம்மா தைக்க உட்கார்ந்தால் ஒரே கையால் தூக்கி வைத்துவிடலாம்.

அறிவியல் சார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“டி.வி. இருக்குது. கம்ப்யூட்டர் எங்கடா?”

“உள்ளயே கீது சார்.”

“உள்ள இருந்தா எவனுக்குடா தெரியும்? பக்கத்துல ஒரு பொட்டி ஒட்டு. இல்லன்னா விழுப்புரம் கெடையாது.”

அம்மாவிடம் போய்ப் புலம்பினேன்.

“பொட்டிதான, ஒட்டிக்கினு போயேன்டா. பேஜாரு பண்ணாத” என்றார்கள், தைத்துக்கொண்டே.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காலி அட்டைப்பெட்டியை ஒட்டினேன். சார் அதில் சிவப்பு பல்பு வைத்தார். விழுப்புரத்தில் எல்லாரும் அந்தக் காலிப் பெட்டியைத்தான் பார்த்தார்கள்.

“இன்னா மூளைப்பா இந்தப் பையனுக்கு!”

முதல் பரிசு. சார் என் முதுகைத் தட்டினார். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டுக்கு வந்து மாடலைத் தையல் மிஷின்மேல் வைத்தேன். பெட்டி வெளியே நீட்டி, எல்லாம் சாய்ந்தது.

“இத்தாம்பெருச எங்கடா வெக்கிறது?” என்றார்கள் அம்மா.

எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. உங்கள் மாடலில் அதை ஒட்டு, இதை ஒட்டு என்று நான் ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.