குறையாத குடம்

முற்றத்தில் நின்றவர்கள்: பூக்காரம்மா, அவள் வீட்டுக்காரர், ஆட்டோ ஓட்டும் தம்பி, அவன் பெண்டாட்டி, தையல்காரர், நான். என் மனைவி உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தாள்.

காளவாசலுக்குப் பின்னால் நாலு வீட்டு வளவு எங்களுடையது. கக்கூஸ் ஒன்றுதான். அதற்கு ஒரு பூட்டு, வீட்டுக்கு ஒரு சாவி. கொரோனா ஊரடங்கு சமயம். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. மாத்திரை கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கணும், இல்லையென்றால் ஆள் தாங்காது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"மாப்ள, தப்பா நெனைக்காத. சாவியக் குடுத்துரு" என்றார் தையல்காரர். "எல்லாரும் போயி முடிச்சு, மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருக்கா ஒங்களுக்குத் தெறந்து விடுறேன். பெறகு பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிரு."

"எங்க வீட்டுல பச்சப்புள்ள இருக்குண்ணே" என்றான் ஆட்டோ தம்பி.

"கலெக்டர் வீடு கணக்கா தனி நேரம்" என்றாள் பூக்காரம்மா. யாரோ சிரித்தார்கள்.

கொடுத்துவிட்டேன். பயம் எல்லாருக்கும்தான்.

மூன்றாம் நாள் காலை குடத்தைப் பார்த்தேன். முந்தின நாள் பிடித்து வைத்தது அப்படியே இருந்தது. மனைவியின் உதடு வெடித்திருந்தது. எழுந்து உட்கார முடியவில்லை.

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா போகணும்ல. ரெண்டு மணி வரைக்கும் எங்க போறது?"

"வாளி வைக்கிறேன்."

"இருக்குறது ஒத்த அறை. சோறு பொங்குற எடத்துலயா? போய்யா."

வெளியே வந்தேன். பூக்காரம்மா சட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பேசிப் பழக்கமில்லை.

"அவ தண்ணி குடிக்க மாட்டேங்குறா. கக்கூஸுக்குப் பயந்து" என்றேன்.

அவள் கை நின்றது. இருபது வருஷம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பூ விற்றவள். அங்கே பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது.

"நானும் இப்பிடித்தான்யா கெடந்தேன். ஒரு மடக்குக் குடிக்காம. நீர்க்கடுப்புல செத்துப் பொழச்சேன். தெரிஞ்சுகிட்டே அவளப் போயி..."

கரிக்கையோடு எழுந்தாள். சுருக்குப் பையிலிருந்த தன் சாவியை என்னிடம் நீட்டினாள். தையல்காரர் வீட்டைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

"அவ எப்ப வேணாலும் போவா. நாந்தான் கழுவுவேன். பேசுறவுக இங்கிட்டு வந்து பேசுங்க."

யாரும் வரவில்லை.

சாவியை மனைவியின் தலைமாட்டில் வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் ஒன்பது டம்ளர்.