அண்ணன் முகத்தில் நிறுத்திய படம்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு புரொஜெக்டர் வந்தது. டி.வி.கூட இல்லாத வீட்டுக்கு அது எதற்கு என்றால், ஒரே ஒரு ரீலுக்காக. கீழ்பென்னாத்தூர் நிலத்தை விற்றுத்தான் அண்ணனை வளைகுடா வேலைக்கு அனுப்பியிருந்தோம். அவன் புறப்படும் முன், எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வந்து எங்கள் மாடியில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர் அவனைச் சின்னக் கேமராவில் படம் பிடித்தார். ரீலைக் கழுவி வாங்கி அம்மாவிடம் கொடுத்துவிட்டு அவரும் ஊருக்குப் போய்விட்டார். போட்டுப் பார்க்க வழியில்லாததால் அம்மா அதைச் சாமி அலமாரியில் வைத்து, தினமும் பூ சாத்தினாள். உயிரோடு இருப்பவனுக்குப் பூ எதற்கு என்று நான் சண்டை போட்டேன். அவள் காதில் வாங்கவில்லை.

பிறகு அண்ணனின் கடிதங்கள் நின்றன. தபால்காரர் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா உள்ளே போய் உட்கார்ந்துகொள்வாள். சாப்பாடு பாதியானது. "எம்புள்ள நடக்கறத, சிரிக்கறத ஒரு தடவ பாக்கணுங்க" என்று அப்பாவை அரித்தெடுத்தாள். கடைசியில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு சென்னைக்கு பஸ் ஏறினார். இங்கிலீஷில் எழுதியிருப்பதைப் படிக்க ஆள் வேண்டுமாம்.

பழைய சாமான் கடையில் எங்கள் ரீலுக்குப் பொருந்தும் புரொஜெக்டர் இரண்டு இருந்தன. விலை ஜாஸ்தியானதில் படத்தை நடுவில் நிறுத்தினால் விளக்குக்கு முன்னால் ஒரு கம்பி வலை விழுந்து சூட்டைத் தடுக்கும். கம்மியானதில் அந்த வலை இல்லை. "இத ஓட்டிக்கினே இருக்கணும் சார். நிறுத்தினா சூட்டுல ஃபிலிம் வெந்துடும்" என்றார் கடைக்காரர்.

"ஓடறதுக்குத்தானே வாங்கறோம், நிறுத்தறதுக்கா?" என்று அப்பா சிரித்தார். பேரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. கம்மியானதுதான் எங்களோடு பஸ்ஸில் வந்தது.

அன்று சாயங்காலம் ஜன்னல்களைச் சாத்தி, சுவரில் அப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். இயந்திரம் கடகடவென்று ஓடியது. அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு வந்தான், தலையை வாரினான், கூச்சத்தோடு நேராக எங்களைப் பார்த்துச் சிரித்தான். சத்தமே இல்லாமல் அவன் வாய் அசைந்தது. அன்றைக்குத்தான் அம்மா வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் தெருவே வந்துவிட்டது. "சினிமாக்காரன் மாதிரி இருக்கறான்", "என்னா நெறம், என்னா சிரிப்பு" என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அம்மாவின் முகம் சிறுத்துக்கொண்டே வந்தது. சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போய் உப்பும் மிளகாயும் கையில் பொத்திக்கொண்டு வந்தாள். "நிறுத்துங்க. எத்தினி கண்ணு பட்டுச்சு! புள்ளைக்குச் சுத்திப் போடணும்."

"அப்பா, நிறுத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னாரே" என்றேன்.

"ஒரு நிமிஷந்தான், சும்மா இரு." அண்ணன் சிரிக்கும் இடத்தில் அப்பா படத்தை நிறுத்தினார்.

அம்மா வேட்டியின் முன்னால் நின்று அவன் முகத்தைச் சுற்றிக் கையைச் சுழற்றினாள். அவள் கையின் நிழல் அவன் முகத்தின் மேல் போய் வந்தது. இரண்டாவது சுற்றில் கன்னத்தில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிந்தது. அதையும் நிழல் என்றுதான் நினைத்தோம். அது கொப்பளித்துப் பெரிதாகி, கண்ணையும் வாயையும் தின்று, நடுவில் வெள்ளையாக ஓட்டை விழுந்தது. கருகல் நாற்றம் அடித்த பிறகுதான் அப்பா பாய்ந்து விளக்கை அணைத்தார்.

தெருக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து, செருப்பைத் தேடிக்கொண்டு போனார்கள். அம்மா உப்பையும் மிளகாயையும் அடுப்பில் போட்டாள். துளி நெடிகூட வரவில்லை. நெடி வராவிட்டால் கண்ணேறு பொல்லாதது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அடுப்புப் பக்கம் குனிந்து முகர்ந்து பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. "எம்புள்ள முகம் வெந்துபோச்சு. அவன வரச் சொல்லுங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு இல்லை. அடுத்த வீட்டுக்காரர்கள் எங்களைப் பார்த்தால் குரலைத் தாழ்த்தினார்கள். கடைசியில் அப்பா தபாலாபீசுக்குப் போய்த் தந்தி கொடுத்தார்: அம்மா சீரியஸ், உடனே புறப்படு. வெளியூரில் இருப்பவரை வரவழைக்க எல்லார் வீட்டிலும் கொடுக்கிற தந்திதான்.

அண்ணன் வந்தான். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடியே வந்திருக்கிறான், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் என் தோளைப் பிடித்து, "அம்மா இருக்குதா?" என்றான்.

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். அவன் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் ஆவல, ஒண்ணும் ஆவல" என்று அழுதாள்.

"யாருக்கும்மா சீரியஸ்?"

அப்பா தரையைப் பார்த்தபடி படம் கருகியதைச் சொன்னார். அண்ணனைப் பாலைவனத்துக்குள் ஏதோ வேலைக்கு மாற்றியிருந்தார்களாம், அங்கிருந்து தபால் போகாதாம். தந்தியைக்கூடக் கம்பெனி ஆபீசில் வாங்கி லாரியில் கொடுத்தனுப்பினார்களாம். "லீவு கெடையாது, இப்பப் போனா திரும்பி வராதன்னாங்க. அம்மாவாச்சேன்னு வேலை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்" என்றான்.

"நீ வந்துட்டல்ல கண்ணு, அது போதும்" என்றாள் அம்மா.

அண்ணன் அவள் கையைத் தன் முகத்திலிருந்து எடுத்துக் கீழே விட்டான்.

"போதாதும்மா" என்றான்.