மலைக்குள் கேட்ட இரண்டு தட்டல்கள்

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் விட்டுத் தள்ளுங்கள். கதை கட்டுகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். இது என் கூடப் பிறந்த அக்காவுக்கு நடந்தது. அவள் வாயாலேயே கேட்டேன்.

அக்காவின் கணவர், என் மாமா, நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வாரமெல்லாம் சம்பளத்துக்காக மண்ணுக்குள் இறங்குவார், லீவு நாளில் ஆசைக்காக இறங்குவார். பஸ்ஸில் அரை நாள் போனால் ஒரு மலை. அதில் எப்போதோ வாய் மூடிப்போன தங்கச் சுரங்கம் இருக்கிறதாம். உள்ளே மாட்டிச் செத்தவர்கள் இன்னும் பாறையைத் தட்டுகிறார்களாம். பேய்க் கதை மாமாவுக்கு இந்தக் காதில் புகுந்து அந்தக் காதில் போய்விட்டது. தங்கம் மட்டும் தலைக்குள் தங்கிவிட்டது.

"அங்க தங்கம் இருந்தா, அந்த ஊர்க்காரன் உங்களுக்கா விட்டு வைப்பான்?" என்பாள் அக்கா.

"ஒரு வீடு கட்டுற அளவுக்குக் கிடைச்சா போதும். அப்புறம் அந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்."

சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவன் மூன்று முறை தட்டுவான்: உயிரோடு இருக்கிறேன். வெளியே இருப்பவன் இரண்டு முறை தட்டுவான்: கேட்டுவிட்டது, வருகிறோம். அதற்குப் பிறகு உள்ளே இருப்பவன் தட்டக் கூடாது. அசையாமல் உட்கார்ந்து மூச்சை மிச்சம் பிடிக்க வேண்டும். வீட்டில் இது விளையாட்டாகிவிட்டது. துண்டில்லாமல் குளிக்கப் போய்விட்டு மாமா மூன்று தட்டுவார். அக்கா கரண்டியால் சுவரில் இரண்டு தட்டிவிட்டு, திட்டிக்கொண்டே துண்டை எடுத்துப் போவாள்.

சனிக்கிழமை கூட்டாளியோடு மலைக்குப் போன மாமா ஞாயிறு மதியம்வரை திரும்பவில்லை. மலையில் போன் எடுக்காது. அக்கா கவலைப்படவில்லை. நல்ல வெயில். தனியாகச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

வந்துவிட்டாரா? குளியலறைக் கதவைத் திறந்தாள். யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

டக்... டக்... டக்...

இப்போது சமையலறைச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் வெட்டவெளி. ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். ஈ காக்கை இல்லை.

சுவரில் கை வைத்தாள். அடுப்புப் பக்கத்துச் சுவர்... சில்லென்று இருந்தது. ஈர மண் வாசனை.

மறுபடி மூன்று. மெதுவாக. ஓய்ந்துபோன கை.

அது மாமாவின் கை. மூன்றாவதைக் கொஞ்சம் தள்ளித்தான் தட்டுவார்.

கரண்டி கையிலேயே இருந்தது.

டக். டக்.

சத்தம் நின்றது.

காத்திருந்தாள்...

அவ்வளவுதான்.

இருட்டும் முன் கூட்டாளி மலையிறங்கி வந்து போன் செய்தார். அழுதுகொண்டே பேசினார்.

"மண் சரிஞ்சிடுச்சு தங்கச்சி. அவன் உள்ள மாட்டிக்கிட்டான். மதியம் வரைக்கும் தட்டிட்டே இருந்தான். அந்தச் சத்தத்தை வச்சுத்தான் எங்க தோண்டுறதுன்னு தேடிட்டு இருந்தோம். இடம் பிடிபடுற வரைக்கும் பதில் தட்டாதீங்க, நிறுத்திடுவான்னு மீட்புக்காரங்க சொல்லிட்டாங்க. யாரும் தட்டல."

"அப்புறம்?"

"உள்ள வேற யாரோ பதில் தட்டினாங்க. ரெண்டு தட்டு. சுத்தியல் சத்தம் இல்ல... கரண்டியால சுவத்துல தட்டின மாதிரி. எல்லாரும் கேட்டோம். அதோட அவன் நிறுத்திட்டான்."

செத்தவர்கள் தட்டுகிறார்கள் என்று பாதிப் பேர் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார்களாம். அக்கா போனை வைத்தாள். சுவரிடம் போய்த் தட்டினாள். உள்ளங்கை வீங்கும்வரை தட்டினாள்.

"தட்டுங்க... ஒரு தடவை தட்டுங்களேன்..."

சுவர் வெறும் சுவராகத்தான் இருந்தது.

மிச்சம் இருந்தவர்கள் குத்துமதிப்பாகத் தோண்டி, அடுத்த வாரம்தான் மாமாவை எடுத்தார்கள். அது அந்தப் பழைய சுரங்கமேதான். உள்ளே தங்கம் இருந்ததா என்று இன்றைக்கும் என்னிடம் கேட்கிறார்கள். அக்கா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

டாக்டரிடம் அவள் கேட்டது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டாரா? டாக்டர் தயங்கினார். இல்லை, செவ்வாய்வரை உயிர் இருந்திருக்கும் என்றார். கூட்டாளி அப்போதுதான் வாயைத் திறந்தார். மாமா சுத்தியலை ஓரமாக வைத்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம்.

அக்கா என்னைப் பார்த்தாள்.

"நான் வரேன்னு சொல்லிட்டேன்ல," என்றாள். "அதான் உட்கார்ந்திருக்கார்."