பிரெண்டா போட்ட தமால் விருந்து

எர்மிலாவுக்கு யாரையும் வெறுக்கத் தெரியாது. ஆனாலும் இரண்டு வருஷமாகப் பிரெண்டாவின் பெயரைக் கேட்டாலே வயிறு எரியும். பூசையில் அவளுக்காகவும் ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்வாள். அதை மட்டும் வேகவேகமாகச் சொல்லி முடித்துவிடுவாள்.

கல்லூரிச் சமையலறையில் எர்மிலா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, மெக்சிகோ பக்கத்து ஆள் யார் புதிதாக வந்தாலும், வாத்தியாரானாலும் தோட்டக்காரரானாலும், அவள் கையால்தான் முதல் சாப்பாடு. வாடகைக்கு வீடு எங்கே, ஸ்பானிஷ் பூசை எந்தக் கோயிலில் என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். பிரெண்டா வெள்ளைக்காரி, ஆபீசில் இருப்பவள். கல்லூரியில் வேலை பார்க்கும் மெக்சிகோ ஆட்களின் சங்கத்துக்குத் துணையாக நிற்கிறேன் என்று வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? சமையல்காரர்களும் வரட்டும் என்று கூட்டத்தை மத்தியானத்துக்கு மாற்ற வைத்தாள். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்று மேலிடத்தில் சண்டை போட்டு ஜெயித்தாள். நல்ல காரியம்தான். அதுதான் எர்மிலாவுக்குப் பொறுக்கவில்லை.

மூன்று ராஜாக்கள் திருநாளுக்குச் சங்கத்தில் வளைய ரொட்டி வெட்டினார்கள். உள்ளே விரல் அளவில் குழந்தை இயேசு பொம்மை இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த மாதம் வரும் மெழுகுவர்த்தித் திருநாளில் எல்லாருக்கும் தமால், அதாவது சோள மாவைத் தோகையில் பொதிந்து அவிக்கும் பலகாரம், போட வேண்டும். பொம்மை கிடைத்தவர்கள் வழக்கமாக அதை வாய்க்குள் ஒளித்துப் பார்ப்பார்கள். மாட்டிக்கொண்டதும், "எனக்கு மாவு பிசைய வராதுங்க" என்று எர்மிலாவிடம்தான் வந்து நிற்பார்கள். அவளும் அலுத்துக்கொண்டே ஆசையாய்ச் செய்வாள்.

இந்த வருஷம் பொம்மை பிரெண்டாவுக்கு. அவள் ஒளிக்கவில்லை. உயர்த்திக் காட்டி, "நானே செய்றேன்" என்றாள்.

சமையலறையில் கூட வேலை பார்ப்பவள் சோகோரோ. எர்மிலாவின் மகளுக்கு ஞானத்தாய். அவளிடம் எர்மிலா சொன்னாள்: "எங்கிட்டத்தான் வருவா, பாரு."

"வரலைன்னா?"

"மாவு கல்லாட்டம் இருக்கும். எல்லாரும் பட்டினி."

"அப்ப மாவு கெட்டுப்போகணும்னு ஒரு நவநாள் வேண்டிக்கோடி."

பிரெண்டா வரவில்லை. மெழுகுவர்த்தித் திருநாளன்று எர்மிலா, எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பானைத் தமால் அவித்துக் காரில் மறைத்து வைத்தாள்.

கூட்டத்தில் பிரெண்டா அவளைத்தான் முதலில் உட்கார வைத்தாள். பெரிய மனுஷியை அழைக்கும் ஸ்பானிஷ் மரியாதையோடு கூப்பிட்டுச் சொன்னாள்: "எத்தன வருஷமா எல்லாருக்கும் போட்டிருக்கீங்க, தோன்யா எர்மிலா. இன்னைக்கு நீங்க சாப்பிடுங்க."

சோளத் தோகையைப் பிரித்ததும் ஆவி பறந்தது. மாவு மெத்தென்று இருந்தது. ஒவ்வொரு வாயிலும் குற்றம் தேடித் தேடி முழுவதையும் தின்று முடித்தாள். உப்புக்கூடச் சரியாக இருந்தது.

சாயங்காலம் பானையைத் தூக்கிக்கொண்டு துப்புரவுக்காரர்களிடம் போனாள். அவர்கள் அப்போதுதான் வேலைக்கு வருகிறவர்கள். மத்தியானக் கூட்டத்தை அறியாதவர்கள். 'இவர்களைப் பிரெண்டாவுக்கு எங்கே தெரியப்போகிறது' என்று நினைக்க மனசுக்கு இதமாக இருந்தது. ஆண்டவர் மன்னிக்கட்டும்.

அவர்களில் பெரியவரான ருதிலியோ மூடியைத் திறந்து மோந்தார். "அட, மறுபடியுமா? பிரெண்டா இப்பத்தான் எங்களுக்குன்னு எடுத்துவெச்சதக் குடுத்துட்டுப் போச்சு."

எர்மிலாவின் முகம் சுண்டிப்போனது. "பசி இல்லேன்னா கொண்டுபோறேன்."

"யாரு சொன்னா பசி இல்லேன்னு? வை இப்பிடி."

அவர் பாதி தின்பதற்குள் கேட்டுவிட்டாள்: "எது நல்லாருக்கு?"

"அது மெத்துன்னு இருந்துச்சு. இது காரமா இருக்கு."

"நான் அதக் கேக்கல."

ருதிலியோ இன்னொன்றை எடுத்தார். "இன்னும் ரெண்டு தின்னாத்தான் சொல்ல முடியும்."

எர்மிலா பானையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.