யானை வேண்டாம் என்று சொன்னவர்கள்

போன வாரம் நடந்தது இவ்வளவுதான்:

1. எங்கள் கட்டட வரைபட அலுவலகத்துக்குப் புதிதாக வந்திருக்கும் ரம்யா, வஸ்கமுவ வனவிலங்குப் பூங்காவுக்குக் கூட்டமில்லாமல் போய்வர வழி கேட்டாள்.
2. பௌர்ணமிப் போயா விடுமுறை வேண்டாம், பள்ளி விடுமுறை வேண்டாம், வார நாளில் முதல் ஜீப்பில் போ, யானைகள் கூடும் குளக்கரையை விட்டுவிட்டுப் பாலை மரங்கள் நிற்கும் ஓடைப்பக்கம் திரும்பு என்றேன்.
3. போனாள். ஓடைப்பக்கத்தில் ஜீப்புகள் வரிசையாக நின்றனவாம்.
4. திரும்பும் வழியில் ஹெட்டிபொலவில் வாங்கிய பாலைப்பழத்தில் ஒரு பிடியை என் மேசையில் வைத்தாள்.

நான்காவது மட்டும் நடந்திராவிட்டால் இதை எழுதியிருக்க மாட்டேன். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பிசுபிசுப்போடு திலகா அக்காவின் நினைவும் வந்து ஒட்டிக்கொண்டது.

திலகா அக்கா எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர். வஸ்கமுவவில் அவர் பார்க்க விரும்பியது கரடியை மட்டும்தான். பாலை பழுக்கும் காலத்தில் கரடி பழம் தின்ன வரும் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் அந்தக் காலத்துக்காகக் காத்திருப்பார். எங்கள் இருவரையும் கூட்டிப்போவது, அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிடும் மாத்தளை ரிஸ்வியின் ஜீப்.

"யானை வாணாமா? எல்லாரும் யானைக்குத்தானே வாறாங்க!" என்று முதல் தடவை நானா கேட்டார்.

"யானையப் பெரஹரா ஊர்வலத்துல பாத்துக்கலாம் நானா. கரடி பெரஹராவுக்கு வருமா? நீங்க கரடியக் காட்டுங்க, போதும்."

கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போவதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே உபாயம் அதுதான். எல்லாரும் தேடுவதை வேண்டாமென்று சொன்னால் பூங்கா நமக்கே நமக்கு.

ரிவர்ஸ்டன் மலையின் மூடுபனியைக் கடந்து இறங்கினால், ஹெட்டிபொலவுக்குப் போகும் காட்டுவழியில் ஒரு மரத்தடியில் சின்னப் பிள்ளையார் இருப்பார். அங்கே இலைக்கொத்து ஒன்றை முறித்துத் தொங்கவிட்டுத்தான் எல்லாரும் போவார்கள், வழியில் மிருகம் எதுவும் குறுக்கே வரக்கூடாது என்று. முதல் தடவை அக்காவும் பயபக்தியோடு தொங்கவிட்டார். அன்று முழுக்க ஒரு முயல்கூட எங்கள் கண்ணில் படவில்லை.

"வரவாணாம்னு பெரிய எடத்துல சொல்லிட்டு வந்தீங்க. அப்புறம் எப்படி வரும்?" என்று நானா ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

மறு வருடம் அக்கா திருத்தம் செய்தார். "அப்பனே, யானை வாணாம், பாம்பு வாணாம். கரடி மட்டும் வரலாம்." அந்த வருடமும் வரவில்லை. ஆனால் எங்களுக்குக் குறையில்லை. பாலை மரத்தடியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, கட்டிக்கொண்டு போன புளிச்சோற்றைப் பேசாமல் தின்போம். பழம் விழும் சத்தம் மட்டும் கேட்கும்.

மூன்றாவது முறை போனபோது அக்காவுக்குக் கனடா விசா வந்துவிட்டிருந்தது. அவருடைய கணவர் முன்பே அங்கே போய்விட்டார். அந்த மாதமே பயணம். பிள்ளையார் மரம் வந்ததும் நானா வேகத்தைக் குறைத்தார்.

"நிப்பாட்டாதீங்க நானா."

"தங்கச்சி, யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"வாறது எல்லாம் வரட்டும். எனக்கு இனி அடுத்த வருசம் கெடயாது."

ஓடைப்பக்கம் அதே மரத்தடியில் காத்திருந்தோம். புதருக்குள் சுள்ளி முறிந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அப்போது நானாவின் போன் அடித்தது. அந்த இடத்தில் அதுவரை போன் அடித்ததேயில்லை. பூங்காவுக்கு வெளியே புதிதாகப் போன் கோபுரம் எழுந்திருந்தது எங்களுக்குத் தெரியாது. எங்கே நிற்கிறாய் என்று இன்னொரு ஜீப்காரர் கேட்டார். மிருகம் இருக்கும் இடத்தை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது அவர்களுக்குள் உள்ள வழக்கம். இன்று மறைத்தால் நாளைக்கு யாரும் சொல்லமாட்டார்கள். நானா சங்கடத்தோடு எங்களைப் பார்த்துவிட்டு, "பாலைக்கிட்ட" என்றார்.

சற்று நேரத்தில் பின்னால் புழுதி எழுந்தது. ஜீப்புகள். அக்கா கோபத்தோடு அந்தப் பக்கம் திரும்பிய கணத்தில் கரிய முதுகொன்று புதரிலிருந்து வெளிப்பட்டு ஓடையைத் தாண்டி மறைந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பியபோது இலைகள்தான் ஆடிக்கொண்டிருந்தன.

"பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"மூஞ்சி தெரியலக்கா. முதுகுதான்."

திரும்பும் வழி நெடுக அதையே கேட்டுக்கொண்டு வந்தார். முடி எப்படி, நடை எப்படி, வால் உண்டா. இரத்தோட்டையில் தேநீர்க் கடையில் உட்கார்ந்ததும் பேனாவை என் கையில் கொடுத்தார். "மேலேருந்து பாக்கற பிளான் வாணாம். பக்கவாட்டுத் தோற்றம் மட்டும் போடு." போட்டேன். கட்டடம் வரைந்து பழகிய கை. அக்கா பார்த்துவிட்டு, "அடியே, இது கூரை போட்ட நாய்" என்றார். சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானா எங்கள் தேநீருக்கும் சேர்த்துத் தானே காசு கொடுத்தார்.

இப்போது நிலைமை இது. ரிஸ்வி நானா ஜீப்பை விற்றுவிட்டு மாத்தளையில் பள்ளி வேன் ஓட்டுகிறார். பூங்காவுக்குள் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்கிறது. கூட்டம் வராத இடமென்று ரம்யாவுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. திலகா அக்கா கனடாவிலிருந்து இன்னும் ஒருமுறைகூட வரவில்லை. அவர் கரடியைப் பார்க்கவேயில்லை.